வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

கதவுக்கு எண்ணெய் பூசிப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். இன்ஜினியர் அதன் மேல் உள்ளங்கையை வைத்து, மாட்டைத் தட்டிக்கொடுப்பவர் போல இரண்டு தட்டு தட்டினார்.

“பழைய காலத்துக் கட்டை மேடம். தட்டிப் பாருங்க, மணி மாதிரி சத்தம் வரும்.”

நான் தட்டவில்லை. குந்தி உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவின் அடிப்பக்கத்தில் கைத்தடி பருமனில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள். மேலே தூக்கினால் கதவு விடுபடும். கீழே விட்டால் தரைக்கல்லில் இருக்கும் குழிக்குள் இறங்கி நிற்கும். குழி வட்டமாக, சுத்தமாக, இயந்திரத்தால் துளைத்ததுபோல இருந்தது. துளைத்ததுபோல என்ன, இயந்திரத்தால் துளைத்ததேதான். ஓரத்தில் கல்தூள் இன்னும் வெள்ளையாகக் கிடந்தது.

“இந்தக் குழி?”

“அது நாங்க போட்டது. இங்க குழியே இல்ல மேடம்.”

“குழி இல்லாம தாழ்ப்பாள எதுல விட்டிருப்பாங்க?”

“தேஞ்சு போயிருக்கும்.”

குழி தேய்ந்தால் பெரிதாகும், எப்படி மறையும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் உற்சாகமாகிவிட்டார்.

“நாங்க வந்து பாக்கும்போது இந்தக் கதவு எப்படி இருந்துச்சு தெரியுமா? தாழ்ப்பாள் வெளிப்பக்கம். வராந்தா பக்கம்! சிரிப்பா இல்ல? பொண்ணுங்க படுக்கற ரூமுக்கு எவனாவது வெளிய தாழ்ப்பா வைப்பானா? பின்னாடி கிடங்கா மாத்தினப்போ எவனோ திருப்பி மாட்டியிருக்கான். நிலையோட பேத்து எடுத்து, சரியா திருப்பி வச்சுட்டோம்.”

நான் எழுந்து நின்றேன். பேசவில்லை.

“ஏன் மேடம், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?”

நான் இப்படித்தான். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடும். வீட்டில் என் கணவர் இதற்கு ‘கரண்ட் போயிடுச்சு’ என்று பெயர் வைத்திருக்கிறார். கரண்ட் போனால் அவர் சமையலறைப் பக்கம் நகர்ந்துவிடுவார். இன்ஜினியருக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் பாராட்டுக்குக் காத்துக்கொண்டு எதிரிலேயே நின்றார்.

அது ஒரு நூற்பாலை. மூடிப் பல காலமாகிவிட்டது. அதை நிறுவியவரின் பேரன் ஒரு அறக்கட்டளை அமைத்து, ஆலையை அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருந்தார். பழைய தரைகளையும் சுவர்களையும் ஆராய்ந்து அறிக்கை தருவது என் வேலை. ஆலையின் பின்கட்டில் இருந்த இந்த நீண்ட அறைதான், வேலைக்கு வந்த சிறுமிகளைத் தங்கவைத்த விடுதி. ‘ஆதரவற்ற பெண்களுக்கு நிழல் தந்த இல்லம்’ என்று ஆலையின் பழைய ஆண்டு மலர்களில் போட்டிருக்கிறது. ஒரு நாள் பக்கத்துப் பஞ்சுக் கிடங்கில் பிடித்த தீ, ஜன்னல் வழியாக இந்த அறைக்குள் வந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தியைத் தவிர யாரும் மிஞ்சவில்லை. எல்லாரிலும் ஒல்லியான அவள், பின்சுவர் ஜன்னலின் கம்பிகளுக்கு இடையே உடம்பை நுழைத்து வெளியே விழுந்தாள்.

விசாரணை நடந்தது. அதன் முடிவை அன்றைக்கே அச்சிட்டு ஊருக்கெல்லாம் கொடுத்தார்கள். கதவருகே படுப்பவள்தான் தாழ்ப்பாளுக்குப் பொறுப்பு; தப்பியவள்தான் அங்கே படுத்தவள். அவள் பதற்றத்தில் கதவைத் திறக்காமல் தன்னை மட்டும் காத்துக்கொண்டாள் என்பது முடிவு. ஆலைக்கு ஒரு கண்டனமும் இல்லை. தீயை விரைவாக அணைத்ததற்காகப் பாராட்டு இருந்தது. அந்த முடிவைத்தான் இப்போது அறக்கட்டளை ஒரு பலகையில் எழுதி அறைவாசலில் மாட்டப் போகிறது. ‘கதவுப் பொறுப்பில் இருந்த சிறுமி பதற்றத்தில் தாழ்ப்பாளைத் திறக்கத் தவறினாள்’ என்ற வாசகம் அச்சுக்குத் தயாராக இருந்தது.

எழுத்து இருக்கும் காலத்தை ஆராய எதற்கு மண்வெட்டி என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ராஜா காலம், கற்காலம் என்றால் சரி. நேற்று முந்தாநாள் நடந்ததற்குக் காகிதம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதை எழுதியவர்கள் அந்த அறையில் படுத்ததில்லை. படுத்தவர்கள் எழுதவில்லை. அவர்கள் தொட்டது, மிதித்தது, தேய்த்தது, உடைத்தது மட்டுமே மிச்சம். அதையும் எண்ணெய் பூசி, திருப்பி மாட்டி, கல்தூளைக்கூடப் பெருக்காமல் வைத்துவிட்டு, தட்டிப் பாருங்கள் மணிச் சத்தம் வரும் என்கிறார்கள்.

அன்று மதியம் வராந்தாவில் ஒரு அம்மா வந்து நின்றார். எழுபதைத் தாண்டியவர். கழுத்தில் தையல்காரர்களின் அளவு நாடா தொங்கியது.

“நீங்கதான் தரையத் தோண்டறவங்களா?”

“ஆமாம்மா.”

“தோண்டினா என்ன கிடைக்கும்?”

“பெரும்பாலும் குப்பைதான்.”

“அப்ப சரி. எங்க அம்மா பேரும் அங்கதான் கிடக்கு, குப்பையோட குப்பையா.” திருப்பி வைத்த கதவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “தப்பிச்சு வந்தாளே ஒருத்தி, அவ மக நான்.”

அவர் வீடு ஆலைக்குப் பின்தெருவில் இருந்தது. முன்னறைதான் கடை. வெட்டுமேஜை, இரண்டு தையல் மிஷின், சுவர் முழுக்கக் கொக்கிகளில் பாதி தைத்த உடுப்புகள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து வீட்டின் எல்லாக் கதவுகளும் தெரிந்தன. தொழில் பழக்கம், கதவுகளைத்தான் பார்த்தேன். ஒன்றிலும் தாழ்ப்பாள் இல்லை. முன்பு ஆணி அடித்திருந்த ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். குளியலறைக் கதவுக்குக்கூட ஒரு துணிக்கயிறுதான். உள்ளறைக் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க, கைப்பிடி போன ஒரு பழைய இஸ்திரிப் பெட்டியை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

“அம்மா வச்ச பெட்டி,” என்றார் தையல்காரம்மா, டீயை நீட்டியபடி. “அவ இருந்த வரைக்கும் கதவு சாத்தக் கூடாது. திருடன் வந்தாக்கூட ‘பாத்துப் போப்பா, பெட்டி கால்ல இடிக்கும்’னு சொல்லி அனுப்பற வீடு இது. போயே சேந்துட்டா. ஆனா பெட்டிய எடுக்க எனக்கு மனசு வரல.”

“உங்களுக்கு எப்படி இருந்துச்சு, இங்க வளர்றது?”

“எனக்குப் பேரே கிடையாது தெரியுமா? அம்மா தாழ்ப்பாக்காரி. நான் தாழ்ப்பாக்காரி மக. பள்ளிக்கூடத்துல அதான், கடை போட்டப்பவும் அதான். ‘எங்க தைக்கக் குடுத்த?’ ‘தாழ்ப்பாக்காரி மககிட்ட.’ ஆத்திரம் தாங்காம என் பேரப் பெருசா எழுதி போர்டு மாட்டினேன். படிச்சுட்டு, ‘இது யாரு, கடை கைமாறிடுச்சா?’ன்னு கேட்டாங்க.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் ஒரு பாவாடையின் ஓரத்தை மடித்துத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்தார்.

“அம்மா அதப் பத்திப் பேசவே மாட்டா. ஒரே ஒரு தடவ, ‘அது வெளிய இருந்துச்சுடி’ன்னா. எதுன்னு கேட்டேன். ‘தாழ்ப்பா’ன்னா. விசாரணையிலயும் அதத்தான் சொன்னாளாம். கேட்டவரு சிரிச்சாராம். பொண்ணுங்க படுக்கற ரூமுக்கு எவனாவது வெளிய தாழ்ப்பா வைப்பானான்னு.”

அன்று காலை கேட்ட அதே சொற்கள். நடுவில் எண்பது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது, ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

“நானும் நம்பல,” என்றார். “நம்பற மாதிரியா இருக்கு? சின்னப் பிள்ள, பயத்துல உள்ள எது, வெளிய எதுன்னு கொழம்பியிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். பெத்தவ பொய் சொல்லலன்னு ஒரு சமாதானம். அவ்வளவுதான். இப்ப பலகை வேற மாட்டப் போறாங்களாமே? ஊரு மறக்க ஆரம்பிச்சுது. இனிமே டிக்கெட் வாங்கிட்டு வந்து படிப்பாங்க.” அளவு நாடாவை விரலில் சுற்றினார். “அம்மா சொன்னது நிசமா பொய்யா? அத மட்டும் உங்க குப்பையில பாத்துச் சொல்லுங்க. பொய்யின்னாலும் சொல்லுங்க. எனக்குத் தெரியணும்.”

மறுநாள் வராந்தாவின் டைல்ஸை எடுக்க வேண்டும் என்று இன்ஜினியரிடம் சொன்னேன். திறப்பு விழா நெருங்குகிறது என்றார். வாசலுக்கு எதிரில் மட்டும் என்றேன். உடையாமல் எடுப்பதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

மெல்லிய உளியை இடுக்கில் விட்டு, ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். டைல்ஸுக்கு அடியில் சுண்ணாம்புக் காரை, அதற்கும் கீழே பழைய தளக்கல். தூரிகையால் தள்ளத் தள்ள, கல்லின் மேல் ஒரு கோடு தெரிந்தது. நேர்கோடு இல்லை. வாசலின் ஒரு ஓரத்தில் தொடங்கி, வராந்தாவுக்குள் வளைந்து, கால்வட்டமாக ஓடியது. தொங்கிப்போன கதவு ஒன்று வருடக்கணக்காகத் தரையை உரசி உரசித் திறந்த தடம். அறைக்குள் போய் அங்கிருந்த கல்லையும் துடைத்துப் பார்த்தேன். அங்கே ஒரு கீறல் இல்லை. அப்படியானால் கதவு வராந்தா பக்கமாகத்தான் திறந்திருக்கிறது.

வளைவு வாசலை வந்து தொடும் இடத்தில் ஒரு திட்டு மட்டும் நிறம் மாறியிருந்தது. காரை வைத்து அடைத்த குழி. ஊசி முனையால் சுரண்டிச் சுரண்டிக் காரையை எடுத்தேன். அதன் கீழே கரி. நன்றாக அமுங்கிய, கறுத்த, பஞ்சுச் சாம்பல். அதையும் எடுத்து முடித்தபோது, கைத்தடி பருமனுக்கு ஒரு குழி வாயைத் திறந்துகொண்டு இருந்தது. வாசற்படிக்கு வெளியே. அறைக்கு வெளியே.

எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை, என் தோளுக்குப் பின்னால் இன்ஜினியரின் மூச்சு கேட்டது.

“இது கிடங்கு காலத்துக் குழியா இருக்கலாமே மேடம்?” குரலில் பழைய உற்சாகம் இல்லை.

“இந்த டைல்ஸ் எப்பப் போட்டாங்க?”

“கிடங்கா மாத்தினப்போ. தீ விபத்துக்கு அடுத்த வருஷம். அறக்கட்டளை போட்ட புத்தகத்துலயே இருக்கே.”

“குழி எங்க இருக்கு?”

“டைல்ஸுக்கு...” நிறுத்தினார். “டைல்ஸுக்கு அடியில.”

“நான் எடுத்த டைல்ஸ்ல எதுலயாவது ஓட்டை இருந்துச்சா?”

அடுக்கி வைத்திருந்த டைல்ஸை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் முழுசு. கிடங்குக்காரர்கள் இந்தத் தாழ்ப்பாளைப் பயன்படுத்தவே இல்லை. குழியை மூடி, மேலே டைல்ஸ் பதித்துவிட்டார்கள். வெளியே நின்று இதைப் போட்டவர்கள் அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் வெறும் அறிக்கை எழுதிவிட்டுப் போயிருப்பேன். குழியின் விளிம்பைத் துடைத்தபோதுதான் அது தெரிந்தது. மூன்று பக்கமும் விளிம்பு முழுசாக இருந்தது. வராந்தாவைப் பார்த்த பக்கம் மட்டும் கல் சில்லாகப் பெயர்ந்திருந்தது. கதவு வராந்தா பக்கம் திறப்பது. உள்ளிருந்து தள்ளினால் தாழ்ப்பாள் போய் அந்த விளிம்பில்தான் முட்டும். பெயர்ந்த கல்லின் உட்புறமும் கரியேறிக் கறுத்திருந்தது. புகை வந்தபோது அது ஏற்கெனவே உடைந்திருக்கிறது. அல்லது புகைக்குள்ளேயே உடைந்துகொண்டிருந்தது.

இன்ஜினியர் குந்தி உட்கார்ந்து விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார்.

“கெட்டிக் கல்லு மேடம் இது,” என்றார் மெதுவாக. “ஒருத்தர் தள்ளினா உடையாது.”

எனக்குக் கரண்ட் போய்விட்டது. இந்த முறை வெகுநேரம் வரவில்லை. எனக்கு யார் மேல் கோபம் என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெளியே தாழ்ப்பாள் வைத்தவன் அயோக்கியன், அது தெளிவு. பிறகு வந்தவர்கள் அயோக்கியர்கள்கூட இல்லை. விசாரித்தவர், இதோ பக்கத்தில் குந்தியிருக்கும் இவர், எல்லாரும் நல்ல மனிதர்கள். இவர்கள் மேல் யாரும் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டதில்லை. அதனால் அப்படி ஒன்று இருக்கவே முடியாது. ஒரு சிறுமி வாய்விட்டுச் சொன்னாலும் முடியாது, கதவே அப்படி நின்றுகொண்டிருந்தாலும் முடியாது. கதவைத்தான் திருத்துவார்கள்.

அறங்காவலர் வந்து பார்த்தார். ஆலையை நிறுவியவரின் பேரன்; மென்மையாகப் பேசுபவர். சட்டையில் மடிப்புக் கலையாமல் குனிந்து குழியைப் பார்த்தார். தையல்காரம்மாவை நான் வரச் சொல்லியிருந்தேன்.

“ரொம்ப சுவாரஸ்யமான கண்டுபிடிப்பு,” என்றார். “ஆனா பாருங்க, அந்தக் காலத்துல பொண்ணுங்களோட பாதுகாப்புக்குன்னு சில ஏற்பாடு இருந்திருக்கும். இன்னைக்கு உக்காந்துக்கிட்டு அதத் தப்புன்னு சொல்லிட முடியாது. ஒண்ணு பண்ணலாம். ரெண்டு பக்கத்தையும் போடலாம். தாழ்ப்பாள் எங்க இருந்ததுன்னு கருத்து வேறுபாடு இருக்குன்னு.”

“கல்லுக்குக் கருத்து கிடையாது சார்,” என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டுத் தையல்காரம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். “உங்க வருத்தம் புரியுதும்மா.”

“வருத்தம் இல்ல தம்பி, ஆத்திரம். வருத்தமா இருந்தா வீட்லயே பட்டுக்குவேன். உங்ககிட்ட எதுக்கு வர்றேன்?”

“அதாவது நான் என்ன சொல்றேன்னா...”

“நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இந்த நிலையப் பழையபடி திருப்பி வைக்கச் சொல்லுங்க. நீங்க உள்ள போங்க. உங்க புத்தகம் எழுதினவரு, பலகை எழுதினவரு, எல்லாரையும் கூட்டிக்குங்க. நான் வெளிய நின்னு தாழ்ப்பாளப் போடறேன். தீ வேணாம், புகை வேணாம். நல்ல பகல்ல, வயிறாரச் சாப்பிட்டுட்டு, பதறாம நிதானமா, படிச்சவங்களாத் தொறந்துட்டு வாங்க. தொறந்துட்டீங்கன்னா அந்தப் பலகைய நானே சுமந்துட்டு வந்து மாட்டறேன்.”

அறங்காவலர் புன்னகைத்தார். “அதெல்லாம் ஆபத்தும்மா.”

சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலும் அது விழுந்தது. தையல்காரம்மா அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. இன்ஜினியர் தான் துளைத்த புதுக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“யோசிச்சுச் சொல்றேன்,” என்று அறங்காவலர் போய்விட்டார்.

யோசித்து அவர் சொன்னது இதுதான்: பலகை வேண்டாம். அறையும் வேண்டாம். திறப்பு விழாவில் அந்த வராந்தா பக்கம் யாரும் போகாதபடி ஒரு கயிறு கட்டி, ‘பராமரிப்புப் பணி’ என்று எழுதி மாட்டிவிடலாம். டைல்ஸைத் திரும்ப ஒட்டிவிடலாம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

யாருக்கும். அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றுகொண்டே வீட்டுக்குப் போனேன். என் கணவர் முகத்தைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் நகர்ந்தவர், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “என்ன, ஊரு பூராவும் கரண்ட் இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் போனபோது வராந்தாவில் மரத்தூள் கிடந்தது. கதவு நிலை திரும்பியிருந்தது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. இன்ஜினியர் சட்டையெல்லாம் அழுக்காக, சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அறங்காவலர் சொன்னாரா?”

“அவரு எதுக்குச் சொல்லணும்? நான் தப்பா மாட்டினேன். நான் சரி பண்ணினேன்.”

“டைல்ஸ்?”

“சிமென்ட் தீந்துபோச்சு மேடம்.” மூலையில் அடுக்கியிருந்த சிமென்ட் மூட்டைகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“உள்ள போட்ட புதுக் குழிய அடைக்கலியா?”

“அது இருக்கட்டும். அது என் குழி. யாராவது கேட்டா, நானே சொல்லிக்கறேன்.”

தையல்காரம்மாவை அழைத்து வந்தேன். அதற்குள் கட்டிவிட்டிருந்த கயிற்றைத் தூக்கிவிட்டுக் குனிந்து வந்தார். தாழ்ப்பாளைப் பிடித்து ஒருமுறை தூக்கிப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“போடுங்க,” என்றது உள்ளிருந்து குரல்.

“அம்மா, வேணாம்.”

“போடுங்கன்னா போடுங்க.”

தாழ்ப்பாளைக் குழிக்குள் இறக்கினேன். இரும்பு கல்லில் உட்கார்ந்த சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. உள்ளே ஓசையே இல்லை. பிறகு கதவு ஒருமுறை முனகியது. அவர் தள்ளுகிறார். தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்து, அந்த உடைந்த விளிம்பின் பள்ளத்தில், அளவெடுத்துத் தைத்ததுபோலப் போய்ப் பொருந்தி நின்றது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவர் சொல்வதற்கு முன்பே தூக்கிவிட்டேன்.

வெளியே வந்தவர் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்பக்கம் கை வைக்க ஒண்ணுமே இல்ல,” என்றார். “வெறும் பலகை. வழவழன்னு.”

இன்ஜினியர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். தையல்காரம்மா குனிந்து, குழியின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். நான் என் அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். அறக்கட்டளை எதை மறைத்தாலும் அறிக்கையை மறைக்க முடியாது. வேலை ஒப்புக்கொள்ளும்போதே அதை வெளியிடுவேன் என்று ஒப்பந்தம். அவர் அம்மா சொன்னதையும் அதில் சேர்க்கப் போகிறேன். அதை அம்மா வாயால் கேட்டு, இத்தனை காலம் கழித்து என்னிடம் சொன்னவர் என்று அவரையும் குறிப்பிட வேண்டும்.

“உங்கள எப்படிப் போடட்டும்மா? போர்டுல இருக்கற பேரையே போடட்டுமா?”

அவர் யோசித்தார். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று உதட்டில் வந்து, வராமல் போனது.

“வேணாம். ‘தாழ்ப்பாக்காரி மக’ன்னே போடுங்க. இனிமே அதப் படிக்கறவங்களுக்கு, அது யாரத் திட்டற பேருன்னு தெரியும்.”